பெட்டிக்குள் வரட்டும் இன்றைய கார்!



தேர்வு, ஒழுக்கம், வாசிப்பு என்று எழுதிக்கொண்டிருந்த வாத்தியார், இந்த முறை பிளாஸ்டிக் காரைப் பற்றி எழுத வந்துவிட்டாரே என்று உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டே படியுங்கள். நம் பையன்களின் கைகளையும், சில வேளைகளில் அவர்களின் உயிரையும் தொடுகிற பேச்சு இது.

தோட்டத்துத் தாயார் ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஐயா, என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. தீபாவளிக்குக் கிடைத்த காசையெல்லாம் உண்டியலில் சேர்த்து வைத்திருந்தான். பந்தயக் காடி மாடல் வாங்கி அவனே பூட்ட வேண்டுமாம். பட்டணத்துக்கு அழைத்துப் போனேன். கடையில் இருப்பதெல்லாம் தாத்தா காலத்துக் காடி, எனக்கு இந்த வருஷம் ஓடுகிற காடிதான் வேண்டும் என்று வெறுங்கையோடு திரும்பிவிட்டான். இதற்குக் காசு செலவழிப்பது சரியா? அவன் பிடிக்கிற பிடிவாதம் நியாயமா?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. செலவைப் பற்றிப் பிறகு பேசுவோம். பிடிவாதத்தைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். பையன் கேட்பது நியாயம்தான்.

விவரம் தெரியாதவர்களுக்காக மாடல் பெட்டியைப் பற்றிச் சில வார்த்தைகள். கடையில் முழு உருவமாக விற்கிற பொம்மைக் கார் வேறு, இது வேறு. பெட்டியைத் திறந்தால், பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு சிறு பாகங்கள் காய்கள் போல ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் எண் பார்த்து வெட்டியெடுத்து, அரத்தால் தேய்த்து, சாயம் பூசி, பசை தொட்டுப் பொருத்த வேண்டும். கடைசியில், மெல்லிய எழுத்துகளையும் கோடுகளையும் தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து வழுக்கி இறக்கி உடலின் மேல் ஒட்ட வேண்டும். அவசரப்பட்டால் கோணிக்கொள்ளும். எட்டாம் படியை விட்டுவிட்டு ஒன்பதுக்குத் தாவினால் பதினைந்தாம் படியில் சக்கரம் உட்காராது. பொறுமையைப் பற்றி நான் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவதை, அந்தச் சக்கரம் ஒரு நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடும்.

கணக்குப் பாடமும் அதற்குள்ளேயே இருக்கிறது. பார்முலா 1 கார் மாடல்களில் பல 1/20 அளவில் வருகின்றன. அதாவது, நிஜக் காரின் இருபது சென்டிமீட்டர் இங்கே ஒரு சென்டிமீட்டர். 2017-இல் ஓடிய பார்முலா 1 காரின் அகலம் 2000 மில்லிமீட்டர். மாடலில் அது 100 மில்லிமீட்டர். 2026-ஆம் ஆண்டு விதிகள் அந்த அகலத்தை 1900 மில்லிமீட்டராகக் குறைத்தன, மாடலில் 95. பின்னத்தைக் கண்டால் முகம் சுளிக்கிற பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். விரலை மடக்கி எண்ணாமல், அளவுகோலைத் தேடி ஓடுவான்.

இந்த மாடல்களுக்குப் பேர்போன நாடு ஜப்பான். அங்கே ஷிசுவோகா நகரில் 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கியது டாமியா நிறுவனம். மரத்தில் மாதிரி உருவங்கள் செய்து விற்று, பின்னர் 1960-ஆம் ஆண்டையொட்டிப் பிளாஸ்டிக்குக்கு மாறியது. சிவப்பு நட்சத்திரம், நீல நட்சத்திரம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற அதன் சின்னத்தை நம் பட்டணத்துக் கடைகளிலும் பார்த்திருப்பீர்கள். 1967-இல் அது ஹோண்டாவின் பார்முலா 1 காரை 1/12 அளவில் வெளியிட்டது. 1977-இல் 1/20 அளவு வரிசையைத் தொடங்கியபோது, முதல் பெட்டியில் வந்தது ஆறு சக்கர டைரல் பி34. முன்னால் நான்கு குட்டிச் சக்கரம், பின்னால் இரண்டு பெரிய சக்கரம் என்று ஓடிய அந்த விசித்திரக் கார், 1976-இல் சுவீடன் பந்தயத்தில் முதலிடத்தையும் இரண்டாம் இடத்தையும் சேர்த்தே பிடித்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். டைரல் 1976-இல் ஓடியது. 1977-இல் பெட்டிக்குள் வந்துவிட்டது. அன்றைய ஜப்பானியச் சிறுவன், பத்திரிகைப் படத்தில் பார்த்த காரைச் சூடு ஆறுவதற்குள் தன் மேசையில் பூட்டிப் பார்த்தான். அந்தக் காரை வரைந்த பொறியாளர்கள் இன்னும் அதே தொழிலில் இருந்தார்கள். அதை ஓட்டியவர்கள் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு அது நிகழ்காலம். இன்றும் அதே டைரல் பெட்டி மறுபதிப்பாக விற்பனைக்கு வருகிறது. நல்ல பெட்டிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நம் பையனுக்கு அது சரித்திர பாடம்.

1988-இல் பதினாறு பந்தயங்களில் பதினைந்தை வென்ற மெக்லாரன் எம்.பி. 4/4 காரும் அப்படித்தான். அயர்டன் சென்னாவும் அலன் புரோஸ்டும் ஓட்டிய கார் அது. அப்பாக்கள் அந்தப் பெட்டியைக் கண்டால் கண் கலங்குவார்கள். பையனோ, "இதை யார் ஓட்டினாங்க?" என்று கேட்பான்.

புதிய கார்கள் அறவே வராமல் போய்விடவில்லை. டாமியாவின் 1/20 வரிசையில் 2009-ஆம் ஆண்டின் ஃபெராரி எஃப்60 வந்தது. 2010-இல் ஓடிய ரெட்புல் ஆர்.பி.6 வந்தது; 2017-இல் ஓடிய ஃபெராரி எஸ்.எஃப். 70 எச், 2018-இல் வந்தது. எப்ரோ என்ற இன்னொரு ஜப்பானிய நிறுவனம் 2015-ஆம் ஆண்டின் மெக்லாரன் ஹோண்டாவை வெளியிட்டது. ஒரு காலத்தில் ஆண்டுக்குச் சில பெட்டிகள் என்று வந்தவை, பிறகு சில ஆண்டுகளுக்கு ஒன்று என்று சுருங்கிவிட்டன. காத்திருக்கிற காலத்துக்குள் பத்து வயதுப் பையனுக்கு மீசை முளைத்துவிடுகிறது.

ஏன் இந்த வறட்சி? தயாரிப்பாளர்களைத் திட்டுவதற்கு முன்பு அவர்கள் பக்கத்தையும் பார்ப்போம்.

முதலாவது, அச்சு. ஒவ்வொரு பாகத்துக்கும் கடினமான எஃகில் குழி வெட்டி அச்சு செய்ய வேண்டும். அந்தக் குழிக்குள் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். அச்சுக்கு ஆகிற பெரும் பணம், ஆயிரமாயிரம் பெட்டிகள் விற்றால்தான் திரும்பக் கிடைக்கும். சாதாரணச் சாலைக் காரின் மாடலை இருபது ஆண்டுகள் விற்கலாம். பந்தயக் காரோ ஒரே பருவம் ஓடும். அந்த ஒரு பருவத்துக்குள்ளேயே முன் இறக்கை மாறும், பக்கவாட்டு மாறும். மாடல் தயாராகி வரும்போது, நிஜக் கார் கண்காட்சிக் கூடத்துக்குப் போயிருக்கும்.

இரண்டாவது, இரகசியம். டாமியாவைப் பற்றி ஒரு பேர்போன செய்தி உண்டு. 1970-களில் போர்ஷ 934 பந்தயக் காரின் மாடலைச் செய்ய முனைந்தபோது, அளவு சரியாக வர வேண்டும் என்பதற்காக நிஜமான போர்ஷ 911 கார் ஒன்றையே விலைக்கு வாங்கி, கழற்றிப் பார்த்து அளந்தார்கள். நிறுவனத்தை உலகறியச் செய்த ஷுன்சாகு டாமியா அப்படிப்பட்ட மனிதர். அவர் 2025-இல், தமது 90-ஆம் வயதில் காலமானார். ஆனால் இன்றைய பார்முலா 1 காரை அப்படிக் கடையில் வாங்கிக் கழற்ற முடியுமா? காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்பதுதான் இன்று வெற்றியின் சூத்திரம். எதிரணிக்குத் தெரியக் கூடாது என்று திரை போட்டு மறைக்கிறவர்கள், மாடல் நிறுவனத்துக்கு மட்டும் மனமுவந்து கொடுப்பார்களா?

மூன்றாவது, மெலிவு. நிஜக் காரில் 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஒரு தகடு, 1/20 மாடலில் 0.2 மில்லிமீட்டர் ஆகிவிடும். அவ்வளவு ஒடுக்கமான இடுக்கில் பிளாஸ்டிக் ஓடிச் சேருவது கடினம். சேர்ந்தாலும் வெட்டும்போதே உடையும். பழைய காரின் உடல் ஒரு படகு போல இருந்தது. புதிய காரின் உடலோ மீனின் செவுள் போல மடிப்பு மடிப்பாக இருக்கிறது.

நான்காவது, உரிமக் கட்டணம். காரின் பெயருக்கு, அணியின் சின்னத்துக்கு, உடலெங்கும் ஒட்டியிருக்கிற விளம்பரங்களுக்கு என்று பலரிடம் அனுமதி பெற வேண்டும். அந்தச் செலவெல்லாம் கடைசியில் பெட்டியின் விலையில் வந்து உட்காருகிறது.

இத்தனை காரணமும் இருக்கும்போது எதை நம்பி நான் எதிர்பார்க்கிறேன்? சொல்கிறேன்.

2025-இல் லெகோ நிறுவனம், அவ்வாண்டு ஓடிய பத்து அணிகளின் கார்களையும் கட்டைகளால் பூட்டுகிற சிறு பெட்டிகளாக ஒரே வரிசையில் வெளியிட்டது. பத்து அணிகளின் அனுமதியையும் ஒரே மூச்சில் பெற முடியும் என்பது அதிலிருந்து தெரிந்துவிட்டது. இன்னொன்று, இந்தப் பந்தயத்தைப் பார்க்கிற கூட்டத்தில் இன்று இளையவர்களும் பெண்களும் நிறைய இருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் நரைத்த தலைகள் மட்டுமே என்று தயாரிப்பாளர்கள் இனியும் நினைக்க வேண்டியதில்லை. மூன்றாவதாக, 2026-இல் விதிகள் பெரிய அளவில் மாறின. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான நீளத்தின் உச்சவரம்பு 3600-இலிருந்து 3400 மில்லிமீட்டராகக் குறைந்தது. ஆவுடியும் காடிலாக்கும் களத்துக்கு வர, அணிகள் பதினொன்று ஆயின. புது விதியில் பிறக்கிற கார்கள் சில ஆண்டுகளுக்கு ஒரே குடும்பச் சாயலோடு இருக்கும். அச்சு வெட்ட நல்ல காலம் இதுதான்.

சரி, இதனால் நம் தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன?

செப்பாங் பந்தயத் தளம் எங்கே எழுந்தது என்று எண்ணிப் பாருங்கள். செம்பனை நின்ற மண்ணில் எழுந்தது. 1999-இல், ஹெர்மன் டில்கே என்ற ஜெர்மானியர் வரைந்த படத்தின்படி 5.543 கிலோமீட்டர் நீளத்தில் அது திறக்கப்பட்டது. அந்த ஆண்டு முதல் 2017 வரை 19 முறை பார்முலா 1 பந்தயம் அங்கே நடந்தது. முதல் பந்தயத்தை ஃபெராரியின் எடி இர்வைன் வென்றார்; கடைசிப் பந்தயத்தை ரெட்புல்லின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் வென்றார். நம் நாட்டு அலெக்ஸ் யூங் 2001-இலும் 2002-இலும் மினார்டி அணிக்காகப் பார்முலா 1-இல் ஓட்டினார். கோயம்புத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக் காரை அதே செப்பாங்கில் ஓட்டினார். அக்கரையில் சிங்கப்பூரின் இரவுப் பந்தயம் 2008-இல் தொடங்கியது. ஆகவே, இந்த விளையாட்டு நமக்கு அந்நியமானதன்று. நம் பாட்டன்மார் காடழித்த மண்ணுக்குப் பக்கத்திலேயே ஓடியது.

முன்பு சொன்ன ஃபெராரி எஸ்.எஃப். 70 எச், செப்பாங்கின் அந்தக் கடைசிப் பந்தயத்துக்கு வந்த கார். செபாஸ்டியன் வெட்டல் அதில் கடைசி இடத்திலிருந்து புறப்பட்டு நான்காவதாக வந்தார். இரண்டாம் இடத்திலிருந்து புறப்பட வேண்டிய கிமி ரைக்கோனன், இயந்திரக் கோளாறால் புறப்படவே இல்லை. ஒரே கார், ஒரே நாள், இரண்டு விதி! அந்தப் பெட்டியை வாங்குகிற மலேசியப் பிள்ளைக்குச் சொல்ல நம்மிடம் ஒரு சொந்தக் கதை இருக்கிறது.

ஆனால் அந்த மாடலைக் கண்ட என் மாணவன் ஒருவன் உடனே கேட்டான்: "சார், இதில் ஹேலோ எங்கே?" ஓட்டுநரின் தலைக்கு மேலே வளையம் போல வளைந்திருக்கிற டைட்டானியக் காப்புதான் ஹேலோ. 2018-இல்தான் அது கட்டாயமாயிற்று. 2017-ஆம் ஆண்டுக் காரில் இருக்காது. பையனின் கண் எவ்வளவு கூர்மை, பாருங்கள்! அந்த வளையத்தின் எடை சுமார் ஏழு கிலோதான். தாங்குகிற பாரமோ சுமார் 12 டன். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரோமன் குரோஜானின் கார் இரும்புத் தடுப்பைப் பிளந்துகொண்டு போய்த் தீப்பற்றியது. தலைக்கு மேலிருந்த அந்த வளையம் காத்ததனால் அவர் நெருப்புக்குள்ளிருந்து எழுந்து வந்தார்.

நான் சொல்ல வந்த முக்கியச் செய்தி இங்கேதான் இருக்கிறது. நம் தோட்டப்புறங்களிலும் வீடமைப்புப் பகுதிகளிலும், பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள் சனிக்கிழமை இரவில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரிய சாலைக்குப் போகிறார்கள். தலைக்கவசம் இல்லை, உரிமம் இல்லை, சில வேளைகளில் பிரேக்கும் இல்லை. நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளை ஒருவனை அப்படிப் பறிகொடுத்தோம். கெட்ட பிள்ளை அல்லன். வேகத்தின் மேல் ஆசை கொண்ட பிள்ளை. அந்த ஆசையைத் திட்டியும் அடித்தும் அணைக்க முடியாது. அதற்கு ஓர் இடம் கொடுக்க வேண்டும். அதனோடு அறிவையும் சேர்க்க வேண்டும். வேகமாக ஓடுகிற காரில் பாதி வேலை ஓடுவதற்கு, மறுபாதி வேலை நிற்பதற்கும் உயிரைக் காப்பதற்கும் என்று தன் கையாலேயே பிரேக்குத் தட்டையும் ஹேலோவையும் பூட்டுகிறவன் புரிந்துகொள்வான். பழைய காரில் இந்தப் பாடம் பாதிதான் இருக்கிறது. புதிய காரில் முழுதாக இருக்கிறது.

ஒரு பிளாஸ்டிக் கார் சாலை விபத்தை நிறுத்திவிடும் என்று நான் கதை கட்டவில்லை. ஆசை பிறக்கிற வயதில் கைக்கு வேலை கொடுத்தால், சிலருடைய பாதையாவது திரும்பும் என்கிறேன். இயந்திரத் தொழில் கற்பிக்கிற தொழிற்கல்லூரிக்குப் போகிற பையனுக்கும், பட்டறை வாசலில் வேடிக்கை பார்த்து நிற்கிற பையனுக்கும் உள்ள தூரம் பல வேளைகளில் இப்படி ஒரு சிறு பழக்கம்தான். பெண் பிள்ளைகளையும் மறந்துவிட வேண்டாம். எங்கள் பள்ளியில் மெல்லிய ஒட்டுப்படத்தைக் கோணாமல் ஒட்டுகிற விரல்கள் அவர்களுடையவை.

ஆகவே தயாரிப்பாளர்களிடம் என் எதிர்பார்ப்பு மூன்று. ஒன்று, இன்றைய காரை இன்றே கொடுங்கள். அடுத்த பருவம் முடிவதற்குள் கொடுத்தாலும் போதும். இரண்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளை விடுமுறைக்குள் முடிக்கும்படி கொடுங்கள். ஆயிரம் பாகத்து அதிசயத்தைச் செல்வந்தர்களுக்குத் தனியே செய்துகொள்ளட்டும். நமக்கு எழுபது, எண்பது பாகம் போதும். எங்கள் பட்டணத்துக் கடையில் 1/20 பெட்டி ஒன்று தோட்டத் தொழிலாளியின் இரண்டு மூன்று நாள் கூலியை விழுங்கிவிடுகிறது. பாகம் குறைந்தால் விலையும் குறையலாம். மூன்று, விளம்பரத்தில் கவனம் வையுங்கள். 1968-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் பந்தயக் கார்கள் சிகரெட்டுப் பெட்டிகள் போலவே ஓடின. இப்போதைய மறுபதிப்புகளில் சிகரெட்டுப் பெயர்களை நீக்கியிருக்கிறார்கள், நல்ல காரியம். அந்த இடத்தில் மதுவும் சூதாட்டமும் வந்து உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, செலவைப் பற்றி இப்போது சொல்கிறேன். பிள்ளை தானே சேர்த்த காசு என்றால் தடுக்காதீர்கள். புதிய கார் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். விலை குறைந்த எளிய பெட்டி ஒன்றில் கை பழகட்டும். கூரிய கத்திக்குப் பதில் பக்கவெட்டுக் குறடு கொடுங்கள். பசையையும் சாயத்தையும் சன்னல் திறந்திருக்கிற இடத்தில் பயன்படுத்தச் சொல்லுங்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் படித்துச் சொல்லட்டும்; வேலையைப் பிடுங்கிச் செய்ய வேண்டாம். கோணலாக வந்தாலும் அது அவன் கார். பள்ளிகளில் புறப்பாட நேரத்தில் நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி என்று வைத்துப் பூட்டச் செய்தால் செலவும் குறையும், கூடி வேலை செய்கிற பழக்கமும் வரும். கடைக்காரரிடம், புதிய கார் வந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று பெயர் எழுதிக் கொடுத்து வையுங்கள். கேட்கிறவர் இல்லாத பொருளை எந்த வியாபாரியும் வரவழைக்க மாட்டார்.

பருவம் தவறிய மழை பயிருக்கு உதவாது என்பார்கள். ஆசைக்கும் பருவம் உண்டு. நம் பிள்ளைகள் இன்று எதைப் பார்த்து வியக்கிறார்களோ, அதை இன்றே அவர்கள் கையில் கொடுக்க யாராவது முன்வரட்டும். வியப்பு அறிவாவதற்கு ஒரு மேசையும், ஒரு குறடும், ஒரு பெட்டியும் போதும்.